ஹாப்கிடோ: கொரியத் தற்காப்புக் கலையும் அதன் கருவிப் பயிற்சியும்

ஹாப்கிடோ என்பது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தென் கொரியாவில் உருப்பெற்ற தற்காப்புக் கலையாகும். பிடியிலிருந்து விடுபடுதல், மூட்டுகளை மடக்குதல், எறிதல், உதைத்தல், குத்துதல் ஆகியவற்றோடு தடி, கைத்தடி, இடுப்புப் பட்டை போன்ற கருவிகளைக் கையாளவும் இக்கலை கற்றுத்தருகிறது.

கொரியா என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது டேக்வாண்டோ. அது 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் முதல் பதக்க விளையாட்டாக இருந்து வருகிறது. ஹாப்கிடோ ஒலிம்பிக் விளையாட்டு அன்று. அதன் பாடங்கள் பெரும்பாலும் "ஒருவர் கையைப் பிடித்தால்", "சட்டையைப் பற்றினால்", "பின்னாலிருந்து கட்டிப் பிடித்தால்" என்ற நிலைகளிலிருந்தே தொடங்குகின்றன. தற்காப்புக்காக இதைக் கற்க விரும்புவோர், இக்கலையால் என்ன பயன் கிடைக்கும், எது கிடைக்காது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

பெயரும் பொருளும்

"ஹாப்" என்பது இணைதல், "கி" என்பது உயிராற்றல், "டோ" என்பது வழி. ஆற்றலை இணைக்கும் வழி என்று பொருள் கொள்ளலாம். ஜப்பானிய அய்கிடோவின் பெயரும் இதே மூன்று சீன எழுத்துகளால் எழுதப்படுகிறது. எனினும் இரண்டும் வெவ்வேறு கலைகள். ஹாப்கிடோவில் உதைகளும் குத்துகளும் மிகுதி.

வரலாறு

இக்கலையின் மூலவராகக் கருதப்படுபவர் சோய் யோங்-சுல். கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்த காலத்தில் இளமையை ஜப்பானில் கழித்த இவர், இரண்டாம் உலகப்போர் முடிந்த பின் தாயகம் திரும்பி தேகு நகரில் குடியேறினார். தைத்தோ-ரியூ அய்கி-ஜுஜுத்சு என்ற கலையின் ஆசிரியரான தக்கேதா சோகாகுவிடம் தாம் பயின்றதாக இவர் கூறினார். தக்கேதா தம் மாணவர்களின் பெயர்களை ஏடுகளில் பதிந்து வைத்தவர். அந்த ஏடுகளில் சோயின் பெயர் காணப்படவில்லை. ஆகவே அவர் எந்த நிலையில், எவ்வளவு காலம் பயின்றார் என்பது இன்றும் விவாதத்திற்குரியதாகவே உள்ளது. இரு கலைகளின் மூட்டு மடக்குகளும் எறிதல்களும் ஒன்றையொன்று ஒத்திருப்பது மட்டும் தெளிவு.

சோயின் முதல் மாணவர் சியோ போக்-சொப். 1948இல் சியோவின் குடும்பத்துக்குச் சொந்தமான மது வடிப்பாலையில், பன்றித் தீவனத்துக்காக வந்திருந்த சோய் தம்மைத் தாக்கியவர்களை எளிதாகச் சமாளித்ததை இவர் கண்டார். ஜூடோவில் கறுப்புப் பட்டை பெற்றிருந்தும், அவரிடமே கற்கத் தொடங்கினார் என்று சொல்லப்படுகிறது.

மற்றொரு மாணவரான ஜி ஹான்-ஜே, 1950களின் பிற்பகுதியில் சியோலுக்குச் சென்று பள்ளி நடத்தினார். உதைகளையும் கருவிகளையும் பாடத்திட்டத்தில் சேர்த்து விரிவாக்கியதில் இவருக்குப் பெரும் பங்குண்டு. குடியரசுத் தலைவர் பார்க் சுங்-ஹீயின் பாதுகாவலர்களுக்கும் இவர் பயிற்சியளித்தார். புரூஸ் லீயின் "கேம் ஆஃப் டெத்" படத்தில் அவருடன் மோதுபவராக நடித்தவரும் இவரே.

மூன்று கோட்பாடுகள்

• ஹ்வா (இணக்கம்): வலிமையை வலிமையால் எதிர்க்காமல், தாக்குபவரின் விசையோடு சேர்ந்து நகர்தல்.
• வோன் (வட்டம்): வரும் விசையை நேராகத் தடுக்காமல் வளைவாகத் திருப்பிவிடுதல்.
• யூ (நீரோட்டம்): ஒரு வழி அடைபட்டால், நீர் கல்லைச் சுற்றி ஓடுவது போல உடனே வேறு வழிக்கு மாறுதல்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். ஒருவர் உங்கள் மணிக்கட்டை இறுகப் பிடிக்கிறார். நேராக இழுத்தால் அவருடைய நான்கு விரல்களின் வலிமையை எதிர்த்து இழுக்க நேரும். பிடியில் பலம் குறைந்த இடம், கட்டைவிரலும் மற்ற விரல்களின் நுனியும் சந்திக்கும் இடைவெளி. விரல்களை விரித்து, மணிக்கட்டின் குறுகிய விளிம்பு அந்த இடைவெளியை நோக்கும்படி திருப்பி, ஓரடி முன்வைத்து முழங்கையை மடக்கினால் கை வெளியே வந்துவிடும். தோள் வலிமையைவிடத் திசையும் காலடியுமே இங்கு முக்கியம்.

பயிற்சி முறை

பயிற்சிக்கூடம் "தோஜாங்" எனவும், ஆசிரியர் "சபொம்-நிம்" எனவும் அழைக்கப்படுகிறார்கள். அடிவயிற்றை மையமாகக் கொண்ட மூச்சுப் பயிற்சி, உடல் தளர்த்தல் ஆகியவற்றுக்குப் பின் "நாக்பொப்" எனப்படும் விழும் பயிற்சி நடைபெறும். தலை தரையில் மோதாமல் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் விழக் கற்பதே இதன் நோக்கம். சண்டையே வாழ்வில் நேராதவருக்கும் படிக்கட்டிலோ ஈரத் தரையிலோ வழுக்கும்போது இது உதவும். அதன் பின்னரே மணிக்கட்டு விடுவிப்பு, மூட்டு மடக்கு, எறிதல் என்று பாடம் நகரும். பட்டைகளின் நிறவரிசை அமைப்புக்கு அமைப்பு மாறும்.

கருவிப் பயிற்சி

கொரியாவில் படைக்கருவிப் பயிற்சிக்கு நீண்ட மரபு உண்டு. ஜியோங்ஜோ மன்னரின் ஆணைப்படி 1790இல் தொகுக்கப்பட்ட "முயே தோபோ தோங்ஜி" என்ற நூல் 24 பயிற்சிகளைப் படங்களுடன் விளக்குகிறது. ஈட்டி, வாள், குதிரைமேல் ஆயுதம் ஏந்துதல் என அவற்றில் பெரும்பாலானவை போர்வீரர்களுக்கானவை. ஹாப்கிடோவின் கருவிகளோ பெரிதும் அன்றாட வாழ்வில் கைக்கு எட்டுபவை.

• தான்போங்: சுமார் 30 செ.மீ. குறுந்தடி. கைப்பிடிக்கு இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளால் இடிக்கவும், எதிராளியின் மணிக்கட்டு எலும்பின் குறுக்கே வைத்து அழுத்தவும் பயன்படும்.
• ஜிபாங்கி: வளைந்த பிடியுள்ள கைத்தடி. நேர்ப்பகுதியால் தடுக்கலாம், வளைவால் கணுக்காலையோ கையையோ கொக்கி போல இழுக்கலாம்.
• போபாக்: கயிறு அல்லது இடுப்புப் பட்டை. இரு கைகளிலும் விறைப்பாகப் பிடித்து அடியைத் தாங்கி, அதே வீச்சில் தாக்கும் கையைச் சுற்றிக் கட்டுவது இதன் உத்தி.
• ஜாங்போங்: ஏறத்தாழ ஆள் உயர நெடுந்தடி. தொலைவைக் கணிக்கவும் கையையும் காலையும் ஒருங்கிணைக்கவும் பழக்கும்.
• வாள்: தற்காப்புக்கு நேரடிப் பயன் குறைவு. மனஒருமைக்காகவும் மரபுக்காகவும் பயிலப்படுகிறது.

பொதுவாக இவை வெறுங்கைப் பாடங்களில் தேர்ந்த பின்னரே கற்பிக்கப்படுகின்றன. காரணம் எளிது. குறுந்தடியால் செய்யும் மடக்கும் கையால் செய்யும் மடக்கும் ஒரே அசைவு. கை கற்காததைத் தடி செய்யாது. கைத்தடியைப் பழகியவர் குடையையும், பட்டையைப் பழகியவர் துண்டையும் அதே முறையில் பயன்படுத்தலாம்.

எல்லைகளும் எச்சரிக்கைகளும்

வகுப்பில் துணைவர் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். எந்த உத்தி வரப்போகிறது என்பதும் அவருக்குத் தெரியும். தெருவில் தாக்குபவர் காத்திருக்க மாட்டார். ஒரு கையால் பிடித்து மறு கையால் அடிப்பார். எனவே துணைவர் படிப்படியாக எதிர்ப்பைக் கூட்டும் பயிற்சி இல்லாவிட்டால், கற்றது செயல்முறை விளக்கமாகவே நின்றுவிடும். போட்டி விதிகளுக்குள் அடங்காதது ஹாப்கிடோவின் பலம். ஆனால் போட்டி தரும் சோதனை இல்லாததால், அந்தச் சோதனையை வகுப்பிலேயே நடத்த வேண்டியிருக்கிறது.

கத்திக்கு எதிரான பாடங்களும் இக்கலையில் உண்டு. ஆயினும் பயிற்சி பெற்றவரும் வெட்டுப்படலாம். ஓட வழியிருந்தால் ஓடுவதும், இல்லையேல் நாற்காலி போன்ற ஒன்றை இடையில் வைப்பதுமே முதல் தேர்வு. சில நாட்களில் கத்தியைப் பறிக்கக் கற்றுத்தருவதாகச் சொல்பவரை நம்பக் கூடாது.

சட்டமும் கவனிக்கத்தக்கது. தென் கொரியக் குற்றவியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு, நிகழும் அநியாயத் தாக்குதலைத் தடுக்கத் தக்க காரணத்துடன் செய்யும் செயலைத் தண்டிப்பதில்லை. தடுப்பு அளவை மீறினால் இந்த முழுப் பாதுகாப்பு இல்லை; தண்டனை குறைக்கப்படவோ விலக்கப்படவோ இடமுண்டு. பிடி விட்ட பின்னும் மூட்டை முறிப்பது தற்காப்பு ஆகாது.

பள்ளியைத் தேர்ந்தெடுத்தல்

சேருமுன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்ப்பது நல்லது. விழும் பயிற்சிக்கு முதலிடம் தரப்படுகிறதா, தரையில் மெத்தை விரிப்பு உண்டா, துணைவர் வலியில் கையால் தட்டியவுடன் மடக்கு விடப்படுகிறதா, உடல் வலிமை குறைந்தவர்களும் வயதில் மூத்தவர்களும் அங்கே தொடர்ந்து பயில்கிறார்களா என்று கவனிக்க வேண்டும். தட்டியும் கையை விடாத மாணவரைக் கண்டிக்காத ஆசிரியரிடம் எந்தக் கருவியையும் கற்காமல் இருப்பதே பாதுகாப்பு.