மரம் இழுத்த தடத்தில் இறங்கிய கிளைடர்கள்

ஆனைமலைக் காட்டில் தேக்குக் கூப்பு வேலை பார்த்தவன் நான். யானை மரம் இழுத்துப்போன தடத்தை அடுத்த மழைக்குப் புல் மூடிவிடும். பள்ளம் மட்டும் அடியில் அப்படியே கிடக்கும். ஜீப்பின் அச்சு முறிவது அங்கேதான். பர்மாவின் பிராட்வே ஓடுதளத்தைப் பற்றிப் படித்தபோது, இதை யாராவது ஒரு கூப்பு மேஸ்திரியிடம் கேட்டிருக்கலாமே என்றுதான் தோன்றியது.

1944. பர்மா ஜப்பானியர் கையில் இருந்தது. அவர்களின் முதுகுக்குப் பின்னால், நடுக்காட்டில் படையை இறக்குவது பிரிட்டிஷ் தளபதி ஓர்ட் விங்கேட்டின் திட்டம். பாதை கிடையாது என்பதால் கிளைடரில் போவதென்று முடிவு. எஞ்சின் இல்லாத அந்த வண்டிக்கு இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே துணி, அடியில் ஒட்டுப்பலகை. டக்கோட்டா விமானம் கயிறு கட்டி இழுத்துவந்து இலக்கில் விட்டுவிடும். இறங்குவதற்குக் காட்டுக்குள் தெரிந்த வெட்டவெளிகளுக்கு பிக்காடில்லி, பிராட்வே என்று நகரத்துத் தெருப் பெயர்கள் வைத்தார்கள்.

மார்ச் 5 மாலை, அசாமின் லாலாகாட்டில் கிளைடர்கள் புறப்படும் நேரத்தில் ஒரு புகைப்படம் வந்து சேர்ந்தது. பிக்காடில்லி முழுக்க மரங்கள் கிடந்தன. திட்டம் ஜப்பானியருக்குத் தெரிந்துவிட்டதோ என்று தளபதிகள் கலங்கினார்கள். உண்மையில் அவை உள்ளூர் மரவெட்டிகள் உலரப் போட்ட தேக்குகள்! எல்லாவற்றையும் பிராட்வேக்கே திருப்பிவிட்டார்கள்.

பிராட்வேயிலும் மரம் இழுத்திருந்தார்கள். மேலிருந்து எடுத்த படத்தில் புல்தான் தெரியும், பள்ளம் தெரியாது. இரவில் இறங்கிய கிளைடர்களின் சக்கரங்கள் அதில் சிக்கி முறிந்தன. உடைந்ததை ஒதுக்குவதற்குள் அடுத்தது வந்து மோதியது. கயிற்றை விட்ட கிளைடர் மறுபடி மேலே ஏறவா முடியும்? ஒரு கிளைடர் இரண்டு மரங்களுக்கு நடுவே புகுந்து இறக்கைகளை இழந்தது. அதற்குள் ஒரு புல்டோசர் இருந்தது. கிளைடரின் மூக்கு, கீல் வைத்து மேலே திறக்கும் அமைப்பு. மோதிய வேகத்தில் புல்டோசர் முன்னால் பாய, மூக்கு விமானிகளோடு மேலே தூக்கிக்கொண்டது. அவர்களுக்கு அடியிலேயே புல்டோசர் வெளியே போய்விட்டது. அவர்கள் பிழைத்தார்கள். ஏறக்குறைய 30 பேர் பிழைக்கவில்லை.

இரவிலேயே 'சோயா லிங்க்' என்ற சங்கேதச் சொல் லாலாகாட்டுக்குப் போனது. சிப்பாய்கள் வெறுத்த சோயா சாசேஜின் பெயர் அது. கேடு நேர்ந்தது, இனி அனுப்பாதே என்று பொருள். விடிந்து நிலைமை தெளிந்ததும் 'போர்க் சாசேஜ்' என்று நல்ல சேதி போயிற்று.

பொறியாளர் படையின் தலைவர் இறந்துவிட்டதால் பிராக்கெட் என்ற லெப்டினன்ட் பொறுப்பேற்றார். பள்ளங்களை நிரப்பி, மண்ணைச் சமப்படுத்தி, அன்று இரவே டக்கோட்டாக்களை இறங்க வைத்துவிட்டார். ஒரே பகலில் இவ்வளவு வேலை வாங்கிய மனிதரைத்தான் நான் இந்தக் கதையின் நாயகன் என்பேன். சுமார் ஒரு வாரத்தில் பிராட்வேயிலும் சௌரங்கி என்ற இன்னொரு தளத்திலுமாக 9,000 பேர் வரை வந்திறங்கினார்கள். கூடவே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோவேறு கழுதைகள். கத்திக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று கழுதைகளின் குரல்நாண்களை முன்பே அறுத்திருந்தார்கள்.

மார்ச் 24 அன்று விங்கேட் விமான விபத்தில் இறந்தார். மே மாதம், மழைக்காலம் நெருங்க, பிராட்வேயைக் கைவிட்டார்கள். சௌரங்கிக்கு அந்த ஆயுள்கூட இல்லை. மார்ச் 10 விடிவதற்குள் அதைக் காலி செய்துவிட்டார்கள். அதன்பின் வந்த ஜப்பானிய விமானங்கள் அங்கே ஆளில்லாமல் கிடந்த கிளைடர்களைத் தாக்கிவிட்டுப் போயின.