ஆனிக்கு 32, மார்கழிக்கு 29

தினசரி காலண்டரில் தாளைக் கிழிக்கும்போது, ஆங்கிலத் தேதியோடு தமிழ்த் தேதியையும் கொஞ்சம் கவனியுங்கள். ஆனி மாதம் 32 நாள் வரை போகும். மார்கழியோ பெரும்பாலும் 29-லேயே முடிந்துவிடும். ஏன் இந்த ஓரவஞ்சனை?

தமிழ் மாதம் என்பது சூரியன் ஒரு ராசியைக் கடக்கும் காலம். ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பதால் வேகமாக ஓடுகிறது, மார்கழி சுருங்குகிறது. ஜூலைத் தொடக்கத்தில் தொலைவில் இருப்பதால் மெதுவாக நகர்கிறது, ஆனி நீள்கிறது. தொலைநோக்கி இல்லாத காலத்திலேயே இந்த வேக வித்தியாசத்தைக் கணக்கில் பிடித்தவர்கள் சாதாரணப்பட்டவர்கள் அல்ல!

ஆங்கில ஆண்டு பருவங்களை ஒட்டியது. அதன் சராசரி நீளம் 365.2425 நாள். தமிழ் ஆண்டு நட்சத்திரங்களை ஒட்டியது. அதைவிட ஏறக்குறைய 20 நிமிடம் கூடுதல். அறுபது, எழுபது ஆண்டுகளில் இதுவே ஒரு நாளாகச் சேர்ந்துவிடும். பொங்கல் மெல்ல மெல்லத் தள்ளிப்போவது இதனால்தான். இப்போது ஜனவரி 14 அல்லது 15. 2100 லீப் ஆண்டு அல்ல என்பதால், ஆங்கிலக் காலண்டரில் அந்த ஆண்டு ஒரு நாள் குறையும். அதன்பின் ஜனவரி 16-இலும் பொங்கல் பொங்கும்.