பழைய சோறு புளிப்பது ஏன்?

திருப்பூர்ப் பின்னலாடை ஆலைகளுக்கு ஒடிசாவிலிருந்தும் பலர் வேலை தேடி வருகின்றனர். ஊரும் மொழியும் அவர்களுக்குப் புதியவை. ஆனால் நம் பழைய சோறு புதிதன்று! அதனை அவர்கள் 'பக்காளா' என்பர். ஒடிசாவில் மார்ச் 20ஆம் நாளைப் பக்காளா நாளாகவே கொண்டாடுகின்றனர்.

நீரூற்றிய சோறு காலையில் புளிப்பது ஏன்? சுற்றுப்புறத்திலிருந்து வந்து சேரும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் சோற்றில் பெருகி, அதிலுள்ள சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. பால் தயிராவதும் இவ்வகை பாக்டீரியாக்களால்தான். இப்புளிப்பில் நோய்க்கிருமிகள் பல எளிதில் பெருகுவதில்லை.

நீரூற்றாமல் வெதுவெதுப்பாக நெடுநேரம் வைத்த சோறு அப்படியன்று. வேகும்போதும் சாகாத சில பாக்டீரியா வித்துகள் அதில் முளைத்து நஞ்சை உண்டாக்கலாம். மறுபடி சூடாக்கினாலும் அந்நஞ்சு அழியாமல் இருக்கக்கூடும். வேலை முடிந்து இரவில் சமைத்து வைப்போர் இதை அறிந்திருப்பது அவசியம்.

ஆகவே மாணவர்களே, சோற்றை விரைவில் ஆறவைத்து, காய்ச்சி ஆறிய நீரூற்றி, மூடிவைத்து, காலையிலேயே உண்ண வேண்டும். கெட்ட வாடை வீசினாலோ வழுவழுத்தாலோ கொட்டிவிட வேண்டும். வெப்பம் மிகுந்த சாயப்பட்டறையில் உழைப்பவர் வியர்வையில் இழக்கும் நீரையும் உப்பையும், உப்பிட்ட நீராகாரம் ஓரளவு ஈடுசெய்யும். இதில் ஒடிசாக்காரரும் கொங்குநாட்டாரும் ஒரே பாடத்தைக் கற்றவர்களே!