செயற்கை உயிரும் அதை ஆக்குவோர் பொறுப்பும்

அமெரிக்காவின் ஜே. கிரெய்க் வென்டர் நிறுவன அறிவியலாளர்கள், ஒரு பாக்டீரியாவின் மரபணுத்தொகுதியை, அதாவது ஓர் உயிரின் மரபுச் செய்திகள் அனைத்தையும் தாங்கும் டி.என்.ஏ. முழுவதையும், கணினியில் இருந்த வரிசையின்படி வேதிமுறையில் உருவாக்கி, வேறோர் இனப் பாக்டீரியாவின் உயிரணுவுக்குள் செலுத்தி இயங்கச் செய்ததாக 2010ஆம் ஆண்டு மே மாதம் அறிவித்தபோது, மனிதன் கடவுளின் வேலையில் கைவைத்துவிட்டான் என்ற குரலே ஓங்கி ஒலித்தது. அக்குரல் சற்று அவசரப்பட்டது எனலாம். ஏறத்தாழ 10.8 இலட்சம் கார இணைகளைக் கொண்ட அத்தொகுதி, மைக்கோபிளாஸ்மா மைக்காய்டிஸ் என்னும் இயற்கைப் பாக்டீரியாவினுடையதைப் பெரும்பாலும் படியெடுத்தது; அதை ஏற்று இயங்கிய உயிரணுவின் சவ்வும் புரதங்களும் முன்பே உயிரோடிருந்த ஒன்றிடம் இரவல் பெற்றவை.

அறநெறிச் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இன்றியமையாத மரபணுக்களை மட்டும் விட்டுவைத்து, 473 மரபணுக்களோடு வாழும் ஒரு பாக்டீரியாவை அந்நிறுவனத்தார் 2016இல் உருவாக்கியபோது, அவற்றுள் 149 மரபணுக்களின் பணி என்னவென்பது அவர்களுக்கே விளங்கவில்லை. ஆக்கும் திறன் அறியும் திறனை முந்திவிட்டது. ஆய்வகச் சத்துக் கரைசலில் மட்டுமே வளரும் அந்த நலிந்த உயிரியால் கேடு விளையும் வாய்ப்பு குறைவுதான். ஆனால் அதற்கு வெகு முன்பே, 2002இல், நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் எக்கார்ட் விம்மர் குழுவினர், யாவரும் காணக்கூடிய மரபு வரிசையை வைத்துக்கொண்டு, விலைக்கு வாங்கிய டி.என்.ஏ. துண்டுகளை இணைத்தே தொற்றவல்ல போலியோ வைரசை உருவாக்கிக் காட்டியிருந்தனர். ஒரு நோய்க்கிருமியை உலகிலிருந்து அகற்றிவிட்டாலும், அதன் வரிசை எஞ்சியிருக்கும்வரை அது மீளக்கூடும் என்ற நிலை அன்றே வந்துவிட்டது.

வென்டர் நிறுவனத்தின் 2010ஆம் ஆண்டு அறிவிப்பை அடுத்து, அதிபர் ஒபாமா கேட்டுக்கொண்டதற்கிணங்க ஆராய்ந்த உயிரியல் அறநெறி ஆணையம், இத்துறையைத் தடைசெய்யவும் வேண்டாம், கட்டவிழ்த்துவிடவும் வேண்டாம், விழிப்போடு கண்காணித்தால் போதும் என்று அவ்வாண்டு டிசம்பரில் பரிந்துரைத்தது. நியாயமாகவே தோன்றும் இந்நிலைப்பாட்டின் குறை, கண்காணிப்பவர் யார் என்பதில்தான் இருக்கிறது; டி.என்.ஏ. கேட்டு வரும் ஆணைகளில் ஆபத்தான வரிசை உள்ளதா எனச் சோதிப்பதுகூடப் பெரும்பாலும் விற்கும் நிறுவனங்களின் விருப்பத்துக்கே விடப்பட்டிருந்தது.

இப்பின்னணியில் 2024 டிசம்பரில் 38 அறிவியலாளர்கள் 'சயன்ஸ்' இதழில் விடுத்த எச்சரிக்கை கருதத்தக்கது. இடக்கையும் வலக்கையும் ஒத்த வடிவினவாயினும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாததுபோல, உயிர் மூலக்கூறுகளுக்கும் திசை உண்டு. இயற்கையில் புரதங்கள் இடக்கை வகை அமினோ அமிலங்களால் ஆனவை. இத்திசைகள் யாவும் தலைகீழாக அமைந்த 'கண்ணாடி பாக்டீரியா' இன்னும் உருவாக்கப்படவில்லை. உருவானால், மனிதர், விலங்கு, தாவரம் ஆகியவற்றின் நோய் எதிர்ப்பு அமைப்புகள் பலவும் அதை அடையாளம் காணத் தவறக்கூடும் என்பதால், அதை ஆக்குவதையே இலக்காகக் கொண்ட ஆய்வை அனுமதிக்கலாகாது என்றனர் அவர்கள். அவர்களுள் வென்டரும் ஒருவர். மற்றொருவரான மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் கேட் ஆடமாலா, தாமே அத்திசையில் மேற்கொண்டிருந்த ஆய்வைக் கைவிட்டார்.