வெடி வெடிக்காத தீபாவளி!
பறவைகளுக்காக ஆசையை அடக்கிய கிராமங்கள்

தீபாவளி என்றால் வெடி இல்லாமல் இருக்குமா?

விடிவதற்கு முன்பே எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள். புதுத் துணி உடுத்துவார்கள். அடுத்த நிமிடம் தெருவில் "டமார்" என்று சத்தம் கேட்கும். எல்லா ஊரிலும் இதுதான் வழக்கம்.

ஆனால், தமிழ்நாட்டில் சில கிராமங்கள் இருக்கின்றன. அங்கே தீபாவளி அன்று பலகாரம் உண்டு. புதுத் துணி உண்டு. கோவிலில் பூசை உண்டு. வெடிச் சத்தம் மட்டும் இல்லை!

அந்த ஊர்க்காரர்களிடம் காசு இல்லையா? அப்படி இல்லை. வெடி போடக் கூடாது என்று போலீசார் தடுத்தார்களா? அதுவும் இல்லை.

ஊர் ஏரியில் விருந்தாளிகள் தங்கி இருக்கிறார்கள். அவர்கள் பயந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் வெடி இல்லை.

அந்த விருந்தாளிகள், பறவைகள்!

தாய் வீட்டுக்கு வரும் மகள்

திருநெல்வேலியில் இருந்து சுமார் 35 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது கூந்தன்குளம். நாங்குநேரி தாலுகாவைச் சேர்ந்த சிறிய கிராமம். மணிமுத்தாறு அணைத் தண்ணீர் இங்குள்ள குளத்துக்கு வருகிறது.

மார்கழி மாதம் பிறக்கும்போது பறவைகள் வரத் தொடங்கும். சங்குவளை நாரை வரும். கூழைக்கடா வரும். கரண்டிவாயன் வரும். மங்கோலியா, திபெத்துப் பக்கம் இருந்து வரித்தலை வாத்து வரும். அது இமயமலையைத் தாண்டிப் பறந்து வருகிற பறவை!

மற்ற இடங்களில் பறவைகள் மனிதர்களைக் கண்டால் விலகிப் போகும். கூந்தன்குளத்தில் அப்படி இல்லை. ஊருக்கு நடுவே நிற்கும் வேப்ப மரத்திலும், புளிய மரத்திலும் கூடு கட்டுகின்றன. கீழே பெண்கள் பாத்திரம் துலக்குவார்கள். தலைக்கு மேலே நாரை முட்டையின் மேல் உட்கார்ந்து இருக்கும்.

வாசலில் எச்சம் விழும். வாடை வீசும். குஞ்சுகள் பகல் முழுவதும் கத்தும். ஆனாலும் யாரும் கல் எடுத்து எறிவது இல்லை. மரத்தை வெட்டுவதும் இல்லை.

பிரசவத்துக்குத் தாய் வீடு வந்த மகளை யாராவது விரட்டுவார்களா?

சில சமயம் காற்றில் கிளை ஆடி, குஞ்சு கீழே விழுந்துவிடும். பறக்கத் தெரியாத குஞ்சு. அதைத் தாயால் தூக்கிக்கொண்டு போக முடியாது. அப்படி விழுந்த குஞ்சுகளை எடுத்து, மீன் கொடுத்து, இறகு முளைக்கும் வரை வளர்த்தவர்கள் இந்த ஊரில் உண்டு.

1994-ம் ஆண்டு அரசாங்கம் கூந்தன்குளத்தைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ஆனால், அதற்கு வெகு காலத்துக்கு முன்பே ஊர் மக்கள் அங்கே சரணாலயம் நடத்திக்கொண்டு இருந்தார்கள். அறிவிப்புப் பலகை மட்டும்தான் இல்லை!

சத்தம் கேட்டால் என்ன ஆகும்?

"பறவை பயந்தால் என்ன? கொஞ்ச நேரம் பறந்துவிட்டு, திரும்பி வந்துவிடுமே!" என்று கேட்கலாம்.

அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

நாரை முட்டை இட்டால், ஏறக்குறைய ஒரு மாதம் அடைகாக்க வேண்டும். ஆணும் பெண்ணும் மாறி மாறி உட்காரும். ஒன்று இரை தேடப் போனால், மற்றொன்று காவல் இருக்கும். குஞ்சு பொரித்த பிறகும் வேலை முடிவது இல்லை. உச்சி வெயிலில் தாய்ப் பறவை தன் இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுக்கும். தான் வெயிலில் காய்ந்து, குஞ்சுக்குக் குடை பிடிக்கும்.

இந்த நேரத்தில் "டமார்" என்று ஒரு வெடிச் சத்தம் கேட்டால், எல்லாப் பறவைகளும் ஒரே சமயத்தில் எழும்பும். கூட்டில் காவல் இல்லை. காகமும் பருந்தும் அதற்காகவே காத்து இருக்கும். ஒரு நொடியில் முட்டையைக் கொத்திவிடும். பயத்தில் நகரும் குஞ்சு கூட்டில் இருந்து கீழே விழும்.

ஒரு வெடிக்கு ஒரு நிமிட மகிழ்ச்சி. அதனால் ஒரு கூடே அழிந்துவிடும்.

இதைக் கிராமத்து மக்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் பக்கத்தில் கொள்ளுக்குடிப்பட்டி என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1977-ம் ஆண்டு வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் ஏற்பட்டது. இந்த ஊரிலும் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி இல்லை. தீபாவளி வந்தால் வனத்துறை அதிகாரிகள் ஊருக்குள் வந்து, மக்களுக்கு இனிப்பு வழங்கி நன்றி சொல்கிறார்கள்.

ஈரோடு மாவட்டம் வெள்ளோட்டைச் சுற்றி உள்ள கிராமங்களிலும் இதே கட்டுப்பாடுதான்.

மத்தாப்புக் கொளுத்தலாம். ஆனால் வெடிதானே குழந்தைகளுக்கு ஆசை! பக்கத்து ஊரில் சத்தம் கேட்கும்போது, இந்த ஊர்க் குழந்தைகளுக்கு ஏக்கம் வராமல் இருக்குமா? அந்த ஏக்கத்தை அடக்கிக்கொள்ளப் பழகுகிறார்களே, அதுதான் பெரிய காரியம்.

எருப் போடும் விருந்தாளி

பறவைகளும் சும்மா இருந்துவிட்டுப் போவது இல்லை.

ஏரி மரங்களில் ஆயிரக்கணக்கான பறவைகள் தங்குகின்றன. அவற்றின் எச்சம் தண்ணீரில் விழுந்து கரைகிறது. அதில் பயிருக்கு வேண்டிய தழைச்சத்தும், மணிச்சத்தும் இருக்கின்றன. அந்தத் தண்ணீர் மடை வழியாக வயலுக்குப் பாய்கிறது. விவசாயிக்கு எருச் செலவு குறைகிறது!

நத்தைகுத்தி நாரை என்று ஒரு பறவை. அதன் அலகை மூடினாலும் நடுவே இடைவெளி தெரியும். வயலில் உள்ள நத்தையைப் பிடித்துத் தின்பதற்கு ஏற்ற அலகு அது. கூலி கேட்காமல் வயலைச் சுத்தம் செய்கிறது.

"பறவை வந்தால் ஊர் செழிக்கும்" என்பது இந்தக் கிராமங்களின் நம்பிக்கை. அதில் பொருள் இருக்கிறது. தண்ணீர் உள்ள இடத்துக்குத்தான் பறவை வரும். பறவை வந்த தண்ணீர்தான் பயிரை வளர்க்கும்.

வேடன் பெயர் கொண்ட ஊர்

செங்கற்பட்டு மாவட்டத்தில் உள்ள வேடந்தாங்கலின் கதை இன்னும் பழமையானது.

தாங்கல் என்றால் சிறிய ஏரி. வேடன் பெயரைத் தாங்கிய ஊர் இது. ஆனால், இங்கே வேட்டை கிடையாது!

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி நடந்த காலம். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊர் மக்களுக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் சண்டைக்குப் போகவில்லை. கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள்.

அப்போது கலெக்டராக இருந்தவர் லயோனல் பிளேஸ். மக்கள் சொன்னதில் நியாயம் இருப்பதை அவர் உணர்ந்தார். 1798-ம் ஆண்டு, பறவைகளைப் பாதுகாக்கும் உரிமையை ஊராருக்கே எழுதிக் கொடுத்தார். 1858-ம் ஆண்டு அந்த உத்தரவு மீண்டும் உறுதி செய்யப்பட்டது.

எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகவும் குறைவாக இருந்த காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு கிராமம், வாய் இல்லாப் பறவைகளுக்காகக் கலெக்டரிடம் வாதாடி வென்றது.

2022-ம் ஆண்டு வேடந்தாங்கலும், கூந்தன்குளமும் உலகப் புகழ் பெற்ற ஈர நிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன.

கலெக்டர் கண்ட காட்சி

இதே பிளேஸ் துரையைப் பற்றி மதுராந்தகத்தில் ஒரு கதை வழங்குகிறது. வேடந்தாங்கலுக்குப் பக்கத்து ஊர்தான் மதுராந்தகம்.

அங்கே ஒரு பெரிய ஏரி. மழைக்காலத்தில் அதன் கரை உடைந்து உடைந்து ஊர் தவித்தது. கலெக்டர் கரையைப் பழுது பார்த்தார். ஊரில் உள்ள ராமர் கோவிலில் தாயார் சன்னதி கட்ட வேண்டும் என்று பக்தர்கள் அவரிடம் கேட்டார்கள்.

"உங்கள் சாமி இந்த முறை ஏரியைக் காப்பாற்றட்டும். சன்னதியை நான் கட்டித் தருகிறேன்" என்றாராம் கலெக்டர்.

அந்த வருடமும் மழை கொட்டியது. நள்ளிரவில் கலெக்டர் குடை பிடித்துக்கொண்டு கரையைப் பார்க்கப் போனார். அங்கே வில்லும் அம்பும் ஏந்திய இரண்டு வாலிபர்கள் கரைக்குக் காவல் நிற்பதைக் கண்டாராம். கரை உடையவில்லை! கலெக்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அவர் பெயரைச் சொல்லும் கல்வெட்டு இன்றும் கோவிலில் இருக்கிறது. அன்று முதல் சாமிக்கு "ஏரி காத்த ராமர்" என்று பெயர்.

நம்புகிறவர்களுக்கு இது தெய்வத்தின் கருணை. மற்றவர்களுக்கு இது ஒரு நல்ல கதை. ஆனால், இரண்டு பேருக்கும் இதில் பாடம் ஒன்றுதான்: ஏரியைக் காப்பதும் தெய்வத் தொண்டுதான்!

ஒரு நாள் பயணம்

குடும்பத்தோடு வெளியே போக வேண்டுமானால், ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும்தான் போக வேண்டும் என்பது இல்லை.

வேடந்தாங்கல் சென்னையில் இருந்து சுமார் 80 கிலோமீட்டர். ரெயிலில் மதுராந்தகம் வரை போகலாம். காலையில் ஏரி காத்த ராமரைத் தரிசிக்கலாம். புளியோதரையோ, தயிர் சாதமோ கட்டிக்கொண்டு போனால் சாப்பாட்டுச் செலவு இல்லை. மாலையில் வேடந்தாங்கல் ஏரிக்கரைக்குப் போய்விட வேண்டும்.

கார்த்திகை முதல் மாசி வரை நல்ல காலம். மழை நன்றாகப் பெய்து, ஏரி நிறைந்து இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

மாலை நேரத்தில்தான் வேடிக்கை. இரை தேடப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். கூழைக்கடாவின் அலகுக்குக் கீழே பை தொங்கும். பாம்புத்தாரா கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தும்போது, பாம்பு போகிறதோ என்று தோன்றும். கரண்டிவாயன் தன் அலகைத் தண்ணீரில் வைத்து, துழாவித் துழாவி இரை தேடும். பகலில் இரை தேடிய பறவைகள் திரும்பும் அந்த வேளையில், இரவு மேயும் வக்கா வேலைக்குப் புறப்படும்!

குழந்தைகளுக்கு மூன்றே மூன்று விஷயங்களைச் சொல்லிக் கொடுத்தால் போதும். கத்தக் கூடாது. கல் எறியக் கூடாது. சாப்பிட்ட காகிதத்தையும், பிளாஸ்டிக் பையையும் அங்கே போடக் கூடாது.

ஏரி வற்றினால்?

இவ்வளவு அன்பாகக் காத்தாலும், ஊர் மக்கள் கையில் இல்லாத ஒன்று உண்டு. அதுதான் மழை.

மழை பொய்த்த ஆண்டில் ஏரி நிரம்பாது. நிரம்பாத ஏரிக்குப் பறவைகள் வருவது குறைந்துவிடும். அந்த ஆண்டு மரங்கள் வெறிச்சென்று நிற்கும். மகள் வராத தாய் வீடு போல ஊர் இருக்கும்.

ஆனாலும் அடுத்த தீபாவளிக்கு அவர்கள் வெடி வாங்குவது இல்லை. "இந்த வருடம் வரவில்லை. அடுத்த வருடம் வரும்" என்று காத்து இருக்கிறார்கள். மழை பெய்கிறது. ஏரி நிறைகிறது. ஒரு நாள் காலையில் வானத்தில் வெள்ளைக் கோடு போல ஒரு கூட்டம் தெரிகிறது.

"வந்துட்டாங்க!" என்று குழந்தைகள் ஓடுகிறார்கள்.

அந்த ஊர்களுக்கு அன்றுதான் தீபாவளி.