வெண்மையின் பொருள் அறிய மீண்டும் மூழ்க வேண்டும்

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் உள்ளன. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கடல் வெப்பம் அவற்றை வெளிறச் செய்தது. வெளிறிய பவளம் இறந்த பவளமன்று. தனக்கு உணவளிக்கும் நுண்பாசிகளை இழந்த உயிர். வெப்பம் தணிந்தால் அது மீளக்கூடும். சில நோய்களிலோ திசுவே உதிர்ந்து, வெறும் சுண்ணாம்புக்கூடு எஞ்சுகிறது.

இரண்டும் வெண்மையாகவே தெரிவதால், ஒருமுறை மூழ்கி எடுக்கும் படம் ஏமாற்றிவிடலாம். அதே இடத்தில் அளவுநாடாவை விரித்து, சில வாரங்கள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்: நிறம் திரும்பியிருந்தால் பிழைத்தது, பாசி படர்ந்திருந்தால் மடிந்தது.

வெளிறல் செய்தியாகும்போது மட்டும் ஆய்வுக்கு நிதி ஒதுக்குவது போதாது என்பேன். நலமாயிருந்த நாளின் பதிவு இல்லாவிட்டால், இழந்தது எவ்வளவு என்பதை எதைக் கொண்டு அளப்போம்?