காட்டுத்தீ எங்கே, ஏன் மூளுகிறது?
மாத்தளை மலைச்சரிவுகள் கற்றுத்தரும் பாடம்

ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரி, மார்ச் மாதங்களிலும், யூலை தொடக்கம் செப்டெம்பர் வரையும் மாத்தளை மாவட்டத்தின் மலைச்சரிவுகளில் புகை எழுவதைக் காண்கிறோம். இரவில் மலையின் மேல் தீ வரிசையாக ஏறிச்செல்வது தொலைவிலிருந்தே தெரியும். “வெயில் கடுமை, காடு தானாகவே பற்றிக்கொண்டது” என்று பலர் கூறுவர். மூங்கில் உரசித் தீப்பிடித்தது என்போரும் உண்டு. இவை எவ்வளவு தூரம் உண்மை என ஆராய்வது அவசியம். காரணத்தைச் சரியாக அறிந்தால்தான் பரிகாரத்தையும் சரியாகத் தேட முடியும்.

மழையும் வேண்டும், வரட்சியும் வேண்டும்

வரட்சி மட்டுமே தீக்குக் காரணமெனில் உலகில் பாலைவனங்களே அதிகம் எரிய வேண்டும். ஆனால் அங்கே எரிவதற்குப் புல்பூண்டு இல்லை. மறுபுறம், ஆண்டு முழுவதும் மழை பெறும் அடர்ந்த காட்டில் எரியக்கூடிய பொருள் ஏராளம் உண்டு, அது காய்வதில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலங்களே தீயின் இருப்பிடம். ஒரு பருவம் மழை பெய்து புல்லை வளர்க்கிறது. அடுத்த பருவம் அதைக் காயவைக்கிறது. உலகில் ஆண்டுதோறும் எரியும் நிலத்தில் பாதிக்கு மேற்பட்டது ஆபிரிக்கப் புல்வெளிகளில் இருப்பது இதனாலேயே. அவுஸ்திரேலியாவில் 1974-75 காலப்பகுதியில் 10 கோடி ஹெக்டயருக்கும் மேற்பட்ட நிலம் எரிந்தது. அதற்கு முன்னர் பெய்த பெருமழையால் உள்நாட்டு வரண்ட பகுதிகளில் புல் செழித்து வளர்ந்திருந்ததே இதற்கு முக்கிய காரணம்.

இந்த அளவுகோலை மாத்தளைக்குப் பொருத்திப் பார்ப்போம். ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் ஈர வலயமும், 1,750க்குக் குறைவாகப் பெறும் உலர் வலயமும், இரண்டுக்கும் நடுவான இடை வலயமும் இந்த ஒரே மாவட்டத்தில் உள்ளன. நக்கிள்ஸ் மலைத்தொடர் நடுவே சுவராக நிற்கிறது. மே தொடக்கம் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று, மலையின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிடுகிறது. பின்னர் கிழக்கே இறங்கும்போது அது சூடேறி, ஈரப்பதனை இழக்கிறது. கிழக்கிலங்கை மக்கள் கச்சான் என அழைக்கும் காற்று இதுவே. இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் கணவாயைக் கடந்து இலுக்கும்புர நோக்கிச் செல்பவர்கள் சில மைல் தூரத்திலேயே இம்மாற்றத்தைக் காணலாம். மேற்கே மூடுபனி, கிழக்கே பிட்டவல பத்தனையின் காய்ந்த புல்.

ஆகவே யூலை முதல் செப்டெம்பர் வரை லக்கல, வில்கமுவ போன்ற கிழக்குப் பகுதிகளுக்கும், பெப்ரவரி, மார்ச்சில் இரத்தோட்டை, உக்குவெல, எல்கடுவ முதலிய மேற்குப் பகுதிகளுக்கும் ஆபத்து அதிகம்.

எளிதில் எரிபவை எவை?

இயற்கைக் காடு அடர்ந்து நிழல் தருவதால் அதன் தரை ஈரமாக இருக்கும். அங்கே புல் வளர இடமில்லை. எனவே பெரும்பாலான தீ காட்டின் நடுவில் அல்ல, காட்டின் ஓரத்திலேயே தொடங்குகிறது. மானாப்புல், இலுக்கு, கினிப்புல் என்பன மெல்லியவை. சில மணி நேர வெயிலிலேயே காய்ந்துவிடும். பராமரிப்பின்றிக் கைவிடப்பட்ட தேயிலை மலைகள் மானாக் காடாக மாறியுள்ள இடங்களில், லயன் வீடுகளுக்கு அண்மையிலேயே இந்த எரிபொருள் குவிந்து கிடக்கிறது. மலைகளில் நடப்பட்ட பைனஸ் மரங்களின் பிசின் நிறைந்த ஊசியிலைகளும் தரையில் தடித்த மெத்தையாகப் படிந்து எளிதில் பற்றுகின்றன.

மலைச்சரிவு இதற்கு மேலும் துணைபோகிறது. தீச்சுவாலை மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கிக் காயவைப்பதால், தீ ஏற்றத்தில் மிக விரைவாகப் பரவும். சரிவு 10 பாகை கூடும்போது தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்போர் கணக்கு. 2018 மார்ச் 11ஆம் திகதி தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் குரங்கணி மலையில் ஏற்பட்ட புல்வெளித் தீயில், மலையேறச் சென்ற 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறந்துவிடலாகாது.

தீயை வைப்பது யார்?

காய்ந்த புல் தானாகப் பற்றுவதற்கு 200 பாகை செல்சியசுக்கும் கூடிய வெப்பம் தேவை. எமது கடும் வெயிலில்கூட நிலம் அதன் அருகே செல்வதில்லை. மின்னலோ பெரும்பாலும் பருவ இடைக்கால மழையுடன் சேர்ந்தே வருகிறது. எனவே இங்கு ஏற்படும் தீ ஏறக்குறைய முழுவதும் மனிதர் கையால் வருவதே.

மாடு வளர்ப்போர் இளம்புல் துளிர்க்க வேண்டும் என்று எரிக்கின்றனர். வேட்டைக்காரர் விலங்குகளை வெளியே வரச் செய்ய எரிக்கின்றனர். குப்பை எரிப்பும், சுற்றுலா வருவோர் அணைக்காமல் விட்டுச்செல்லும் அடுப்பும், வீதியோரம் எறியப்படும் சிகரட் துண்டும் காரணமாகின்றன. சேனைப் பயிர்ச்செய்கையாளர் ஒக்டோபர் மழைக்கு முன்னர், அதாவது காற்றும் வரட்சியும் உச்சத்தில் இருக்கும் வேளையில், வெட்டிய பற்றைகளை எரிக்க வேண்டியுள்ளது. வேறு நிலமற்ற ஏழை விவசாயியைக் குற்றவாளியாக்குவது தீர்வாகாது. எரிக்கும் முறையை மாற்ற அவருக்கு உதவுவதே தீர்வு.

இழப்பு யாருக்கு?

எரிந்தபின் வரும் பசும்புல் ஒரு மாயை. தழைச்சத்தின் பெரும்பகுதி புகையோடு போய்விடுகிறது. எஞ்சிய சாம்பலையும் மேல்மண்ணையும் அடுத்து வரும் மழை அடித்துச் செல்கிறது. மானாவும் இலுக்கும் நிலத்துக்கடியிலுள்ள வேரிலிருந்து மீண்டும் முளைக்கும்; காட்டு மரக்கன்றுகள் முளைப்பதில்லை. இவ்வாறு ஒவ்வொரு தீயின்போதும் காடு சிறிது பின்வாங்க, புல் முன்னேறுகிறது. அடுத்த ஆண்டு எரிவதற்கு மேலும் புல் கிடைக்கிறது.

நக்கிள்ஸ் காடு 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆனால் அதன் அருமை வெளிநாட்டாரைவிட எமக்கே அதிகம் தெரிய வேண்டும். களுகங்கை, மொரகஹகந்த நீர்த்தேக்கங்களுக்கு நீர் தருவது இம்மலைகளே. மண் கரைந்து இறங்கினால் அது வயல்களுக்கு நீர் தரும் இந்நீர்த்தேக்கங்களில் சேறாகப் படியும். மலையடிக் குடும்பங்களுக்கோ இழப்பு உடனடியானது. தீ பரவினால் ஊற்றிலிருந்து வரும் பிளாஸ்டிக் குழாய் உருகிவிடும். காடு அழிந்தால் வரட்சியில் ஊற்றும் வற்றும். அப்போது குடத்துடன் நெடுந்தூரம் நடப்பவர்கள் எமது பெண்களே.

நாம் செய்யக்கூடியவை

1. வரட்சி தொடங்குமுன் குடியிருப்பு, ஊற்று, குழாய் வழி ஆகியவற்றைச் சுற்றிப் புல்லை வெட்டி, தீ தாண்ட முடியாத வெற்றுநிலப் பட்டியை ஏற்படுத்தல். இதைச் சிரமதானமாகச் செய்யலாம்.

2. வெட்டிய பசும்புல்லை மாடுகளுக்கு இடுதல். தொழுவத்தருகே நேப்பியர் போன்ற தீவனப்புல்லை வளர்த்தல்.

3. சேனையை எரித்தே ஆக வேண்டுமெனில் ஓரங்களை முதலில் துப்புரவாக்கி, அயலவருக்கும் கிராம அலுவலருக்கும் அறிவித்து, காற்றடங்கிய வேளையில் மேலிருந்து கீழாகச் சிறிது சிறிதாக எரித்தல். தணல் முற்றாக அணையும்வரை ஆள் நிற்றல். காட்டு எல்லைக்குள் தீ வைப்பது 1907ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டப்படி குற்றம் என்பதையும் அறிந்திருத்தல்.

4. தீயைக் கண்டதும் வனப் பாதுகாப்புத் திணைக்கள அலுவலகத்துக்கோ, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கோ அறிவித்தல்.

5. தீயில் அகப்பட்டால் ஒருபோதும் மலையின் மேல்நோக்கி ஓடாதிருத்தல். ஏற்கெனவே எரிந்து அணைந்த நிலத்தையோ, பாறை வெளியையோ, நீரோடையையோ நாடுதல். இதைப் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தல்.

சிறு நெருப்பு பெருங்காட்டையே எரித்துவிடுவதைப் புனித யாக்கோபு தமது திருமுகத்தில் நாவினால் விளையும் தீமைக்கு உவமையாகக் கூறினார். மலையோரத்தில் வாழும் எமக்கு அது நாளாந்த அனுபவம். மழையையும் கச்சானையும் எம்மால் மாற்ற முடியாது. தீப்பொறி எமது கையில் இருக்கிறது. அடுத்த வரட்சிக்கு முன்னர் ஒவ்வொரு கிராமச் சங்கமும், தோட்டத்து மாதர் குழுவும், பங்கு மக்களும் ஒருநாள் கூடி, தமது ஊற்று எங்கே, புல் எங்கே, யார் எப்போது எரிக்கின்றனர் என்பதைப் பேசித் தீர்மானிப்பார்களாயின், அதுவே நல்ல ஆரம்பமாகும்.